குளத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது, நத்தைகளுக்கு என்ன ஆகும்?

அல்லித்தண்டு

வணக்கம். ஒரு சிறிய நன்னீர்க் குளத்தைக் கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை மதிப்பிட்டுக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் எண் மெதுவாக ஏறிக்கொண்டே வருகிறது. மழை பெய்தால் இறங்கும், ஆனால் பழைய இடத்துக்கு இறங்குவதில்லை. கழிவுநீர் கொஞ்சம் கலக்கிறது, வயல் வடிகாலும் வந்து சேர்கிறது, அதனால் உப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கேள்வி நத்தைகளைப் பற்றி. பெரிய நத்தைகள் எப்போதும் போலக் கல்லில் பாசி மேய்ந்துகொண்டிருக்கின்றன, ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான முட்டைத் திரள்கள் கண்ணில் படுவது குறைந்துவிட்டது, குட்டி நத்தைகளும் குறைவு. இதற்கு உப்புதான் காரணமா, அல்லது நான்தான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேனா?

சட்டென்று

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நத்தை மேல் உப்பைத் தூவினால் நுரை தள்ளிச் சுருண்டுவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீருக்குள் இருந்தாலும் அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

நீர்மானி

அதே கதை இல்லை. தோட்டத்து நத்தை மேல் உப்பைக் கொட்டினால் அதன் ஈரத் தோலுக்கு வெளியே அடர்த்தியான உப்புக் கரைசல் உருவாகி உடம்பிலிருக்கும் நீரை உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். நன்னீர் நத்தையின் அன்றாடத் தலைவலி இதற்கு நேர் எதிர். அதன் இரத்தத்தில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம், அதனால் தண்ணீர் தோல் வழியாக இரவு பகல் பாராமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அதைச் சிறுநீரகம் நீர்த்த சிறுநீராக ஓயாமல் வெளியேற்ற வேண்டும், அதோடு சேர்ந்து போய்விடுகிற சோடியத்தையும் குளோரைடையும் தோல் செல்கள் ஆற்றலைச் செலவழித்துத் தண்ணீரிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து ஒரு கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே மறு கையால் துடுப்புப் போடுகிற பிழைப்பு.

லிம்னேயா ஸ்டாக்னாலிஸ் என்ற பெரிய குளத்து நத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரத்தத்தின் செறிவு கடல்நீரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆக, வெளித் தண்ணீரில் உப்பு லிட்டருக்கு 3, 4 கிராம் ஆகும்வரை தண்ணீர் உள்ளே வரும் திசை மாறாது. அதைத் தாண்டினால் இந்த நத்தையால் தன் இரத்தத்தைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது, வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவு என்று ஆகிவிடும். அப்போது செல்கள் வற்றிச் சுருங்காமல் இருக்க உள்ளே அமினோ அமிலங்களைச் சேர்த்துவைத்து ஈடுகட்ட வேண்டும். உவர்நீரில் பழகிய இனங்களுக்கு இது கைவந்த கலை, குளத்து நத்தைகளில் பலவற்றுக்கு அந்தக் கையிருப்பு குறைவு.

பொதுவாக நன்னீர் என்று சொல்வது லிட்டருக்கு 0.5 கிராமுக்குக் கீழே. அல்லித்தண்டு கேட்கிற விஷயம் முழுக்க அந்த அரை கிராமுக்கும் மூன்று கிராமுக்கும் நடுவில் நடக்கிறது. அங்கே நுரையும் இல்லை, சுருளலும் இல்லை, அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

சட்டென்று

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கொஞ்சம் உப்பு ஏறினால் நத்தைக்கு இறைக்கிற வேலை மிச்சம்தானே? பிறகு எதற்குக் கவலை?

நீர்மானி

நல்ல கேள்வி, அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பென் கெஃபோர்டும் தயந்தி நுகேகொடவும் ஃபைசா அக்யூட்டா என்ற நத்தையை வைத்து இதைத்தான் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். வாலை வடிநீரிலிருந்து 5000 மைக்ரோசீமன்ஸ் (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு, உப்பு கூடினால் இதுவும் கூடும்) வரை வெவ்வேறு உப்பு அளவுகளில் வளர்த்துப் பார்த்ததில் வளர்ச்சி அதிகமாக இருந்தது 500 முதல் 1000 வரையிலான தண்ணீரில். முட்டை எண்ணிக்கை அதிகமாக இருந்தது 100 முதல் 1000 வரை. அதற்குக் கீழேயும் குறைவு, மேலேயும் குறைவு. அதாவது ஒரு குறிப்பிட்ட அளவு வரை ஒன்றும் ஆகாது, அதைத் தாண்டினால்தான் ஆபத்து என்று ஒரு கோடு கிழிக்க முடியாது. வளைவு மேலே ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்குகிறது.

ஆனால் இதை வைத்து நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. அவர்கள் கரைத்தது செயற்கைக் கடல் உப்பு, அதாவது கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கலந்த கலவை. கழிவில் வருவதும் பனியை உருக்கச் சாலையில் கொட்டுவதும் பெரும்பாலும் வெறும் சோடியம் குளோரைடு. தவிர ஃபைசா அக்யூட்டா என்பது அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் குடியேறிவிட்ட ஆசாமி, சாக்கடையிலும் பிழைக்கும். அதற்கு ஒத்துக்கொண்டது எல்லா நத்தைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

ராத்திரிமீன்

மீன்தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் என் பங்குக்கு. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை உப்புப் போடுவது பலருக்குப் பழக்கம். அப்போது நத்தைகளைக் கவனித்துப் பாருங்கள், இனத்துக்கு இனம் நடந்துகொள்வது மாறும். ஃபைசாவும் ராம்ஸ்ஹார்னும் நேராகக் கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்துக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். இவை நுரையீரலால் காற்றைச் சுவாசிப்பவை, கொஞ்ச நேரம் வெளியே இருப்பதில் கஷ்டம் இல்லை, ஆனால் ஓட்டுக்கு மூடி கிடையாது. தலையும் கொம்பும் பாதி உள்ளே போய், பாதம் ஓரம் சுருங்கி, பிடி தளர்ந்து கீழே விழுந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

ட்ரம்பெட் நத்தை, அதாவது மெலனாய்டஸ், வேறு சாதி. அதற்குப் பாதத்தின் பின்னால் ஒரு கெட்டியான மூடி இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மணலில் கிடக்கும். லேசில் சாகாது. கடல்நீரை நெருங்குகிற உப்பில்கூட மெதுவாகப் பழக்கினால் வாழும். ஒரே தொட்டி, ஒரே உப்பு, ஒருவன் செத்துக் கிடக்கிறான், இன்னொருவன் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறான்.

கரையோரம்

மூடி போட்டுக்கொண்டு கிடப்பதைப் பிழைத்தது என்று கணக்கில் சேர்ப்பதுதான் பெரிய ஏமாற்று. மூடியிருக்கிற நத்தை மேயாது, சுவாசிப்பதும் சரியாக நடக்காது, இணை சேராது. உப்பு ஒரு வெள்ளம் போல வந்து இறங்கிவிட்டால் அந்த உத்தி அருமையானது. மாதக் கணக்கில் அப்படியே நின்றால் பட்டினி. சோதனைகளில் 4 நாள் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணுகிறார்களே, அந்த எண்ணில் இந்தப் பட்டினி தெரியாது.

நீர்மானி

இதைத்தான் சொல்ல வந்தேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-ல் குளோரைடுக்கு வரம்பு வைத்தபோது நீண்ட காலத்துக்கு லிட்டருக்கு 230 மில்லிகிராம், குறுகிய காலத்துக்கு 860 என்று வைத்தார்கள். அந்த ஆவணத்தில் ஃபைசா ஜைரினா நத்தைக்குக் கொடுத்திருக்கும் சாகடிக்கும் அளவு, அதாவது பாதி நத்தைகள் இறக்கும் அளவு, 2540. கனடா 2011-ல் நீண்ட காலத்துக்கு 120, குறுகிய காலத்துக்கு 640 என்று இன்னும் இறுக்கியது. 2540 எங்கே, 120 எங்கே என்று சிலர் கேட்பார்கள். வரம்பு வைப்பது நத்தை ஒன்றுக்காக மட்டும் இல்லை. நத்தையின் உறவுக்காரர்களான நன்னீர் மட்டிகளின் லார்வாக்களைக் கனடாவில் சோதித்தபோது 24 மணி நேரத்தில் பாதியைச் செயலிழக்க வைத்த குளோரைடு அளவு, மிகவும் நொய்ந்த இனத்துக்கு, 113 மில்லிகிராம்தான்.

கண் முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டுமானால் ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 6 கிராம், அதில் பத்தில் ஆறு பங்கு குளோரைடு. 16 லிட்டர் சுத்தத் தண்ணீரில் அந்த ஒரு தேக்கரண்டியைக் கரைத்தால் 230-ஐத் தொட்டுவிடும். நாக்கில் வைத்தால் நமக்கு உப்பே தெரியாது.

அல்லித்தண்டு

இவ்வளவு பதில்களை எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஆனால் எனக்கு இன்னும் முட்டை விஷயம் புரியவில்லை. பெரியது தாங்குகிறது என்றால் முட்டை ஏன் தாங்காது? அதைச் சுற்றித்தான் அவ்வளவு தடிமனாக ஒரு படலம் இருக்கிறதே?

கரையோரம்

படலம் கடிக்க வருகிறவனைத் தடுக்கும், உப்பைத் தடுக்காது. சின்ன அயனிகள் அதன் வழியாகப் புகுந்துவிடும்.

ஒருமுறை ஒரு முட்டைத் திரளைக் கை லென்ஸில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வதைவிட அதுவே நன்றாகச் சொல்லும். கண்ணாடி மாதிரி தெளிவான படலத்துக்குள் வரிசை வரிசையாக முட்டை உறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி. முதல் ஓரிரு நாள் புள்ளி சும்மா கிடக்கும். பிறகு சுழல ஆரம்பிக்கும், நிற்காமல், ஒரே சீராக. அந்தப் பருவத்தில் கருவுக்கு மேலே நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன, அவை துடுப்புப் போட்டு உறைக்குள் இருக்கும் திரவத்தைக் கலக்கிக்கொண்டே இருப்பதால்தான் உள்ளே ஆக்ஸிஜன் சமமாகப் பரவுகிறது. அதற்குப் பிறகு ஓட்டின் தொடக்கம் தெரியும், கண் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியும், கடைசியில் துடிக்கிற இதயத்தையே பார்க்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஃபைசாவுக்கு இவ்வளவும் ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும்.

இந்தக் கருவுக்கு இன்னும் சிறுநீரகம் ஒழுங்காக இல்லை, ஓடு இல்லை, ஓடிப்போக வழியும் இல்லை. உப்பு கூடினால் சுழற்சி மெதுவாகும், வளர்ச்சி பின்தங்கும், சில கருக்கள் ஓடு வராமலே பாதியில் நின்றுவிடும். பொரித்து வெளியே வருகிறவையும் சின்னதாக இருக்கும். உங்கள் குளத்தில் பெரியவை இருந்துகொண்டே குட்டிகள் குறைவதற்கு இது ஒத்துப்போகிறது. அது ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஏனென்றால் புதிதாக மீன் விட்டிருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தாய் நத்தை உப்போடு மல்லுக்கட்டச் செலவழிக்கிற ஆற்றல் முட்டை போடுகிற கணக்கிலிருந்துதான் போகும். ஆக இரண்டு முனையிலும் அடி, போடுவதும் குறைவு, பொரிப்பதும் குறைவு.

ராத்திரிமீன்

இதில் ஒன்று சேர்க்கிறேன். ட்ரம்பெட் நத்தை முட்டையை வெளியே விடாது, தலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பையில் வைத்து ஓடு வந்த குட்டியாகவே வெளியே விடும். நொய்ந்த பருவம் முழுக்கத் தாயின் உடம்புக்குள் போய்விடுகிறது. உப்பில் ஜெயிக்கிறவன் யார் என்று பார்த்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

பச்சைத்தவளை

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் தொட்டியில் நெரைட் நத்தை வெள்ளை வெள்ளையாக முட்டை ஒட்டி வைக்கிறது, ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. தண்ணீரில் உப்பு கூடிவிட்டதா?

ராத்திரிமீன்

தலைகீழ். தொட்டிக்கென்று விற்கிற நெரைட்டுகளின் லார்வாவுக்கு உவர்நீரோ கடல்நீரோ வேண்டும். நன்னீரில் முட்டை மட்டும் போடும், குஞ்சு வளராது.

எழுகோணம்

எல்லோரும் "உப்பு" என்று ஒரே பொருளைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறீர்கள். அங்கேதான் சிக்கலே. டிடிஎஸ் மீட்டர் உப்பை அளப்பதே இல்லை, தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து அதை 0.5-ஆலோ 0.7-ஆலோ பெருக்கி ஒரு எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் கால்சியத்தால் வந்ததா, சோடியத்தால் வந்ததா, பொட்டாசியத்தால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. நத்தைக்கு நன்றாகத் தெரியும்.

கால்சியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஓடு கால்சியம் கார்பனேட். லிம்னேயா ஸ்டாக்னாலிஸ் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கால்சியம் உள்ள தண்ணீரில் தடுமாறுகிற இனம், ஓட்டுக்குத் தேவையானதில் பெரும்பகுதியை நேராகத் தண்ணீரிலிருந்தே இழுக்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள கடினமான தண்ணீரில் குளோரைடின் நச்சும் குறைவு. அதனால்தான் அமெரிக்காவின் ஐயோவா மாநிலம் 2009-ல் குளோரைடு வரம்பை ஒரே எண்ணாக வைக்காமல் தண்ணீரின் கடினத்தன்மையையும் சல்ஃபேட்டையும் பொறுத்து மாறுகிற மாதிரி வைத்தது. மீட்டர் 800 காட்டுகிற இரண்டு குளங்களில் ஒன்று சுண்ணாம்புப் பாறையால் 800, இன்னொன்று சாதா உப்பால் 800 என்றால் முதலாவதில் நத்தைகள் கொழிக்கும்.

மெக்னீசியம் வேறு மாதிரி. நத்தையை அறுத்துப் பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் முதலில் மெக்னீசியம் குளோரைடு கரைசல்தான் கொடுப்பார்கள், தசை தளர்ந்து நத்தை வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். மயக்க மருந்தாகப் பயன்படுகிற பொருள் அது.

பொட்டாசியம் மெல்லுடலிகளுக்கு எமன். 2006-ல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் மில்புரூக் என்ற கைவிட்ட கல்குவாரியில் வரிக்குதிரை மட்டி பெருகிவிட்டபோது தண்ணீர் முழுக்கப் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்துத்தான் அவற்றை ஒழித்தார்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் பொட்டாசியம் போதுமானதாக இருந்தது, மீன்கள் பிழைத்துக்கொண்டன. வயல் வடிகால் வருகிறது என்று அல்லித்தண்டு சொன்னதால் இதைச் சொல்கிறேன். உரத்தில் பொட்டாஷ், அதாவது பொட்டாசிய உப்பு இருக்கும். உங்கள் குளத்தில் 100 வந்துவிட்டது என்று சொல்லவில்லை, ஆனால் சோடியத்தை மட்டும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

சட்டென்று

ஆக டிடிஎஸ் மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

எழுகோணம்

வேண்டாம். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை. எதனால் என்று கேட்டால் மட்டும் அது பதில் சொல்லாது. குளோரைடுக்கும் கடினத்தன்மைக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டிகள் இருக்கின்றன, அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

இன்னொன்று, மண்ணையும் மறக்க வேண்டாம். சோடியம் அதிகமாக வந்தால் சேற்றில் ஒட்டியிருக்கும் கால்சியத்தையும் உலோகங்களையும் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தள்ளப்பட்டது தண்ணீருக்குள் வரும். அதில் செம்பு இருந்தால் நத்தைக்கு அது தனி நஞ்சு. சுஜய் கௌஷலும் அவருடைய குழுவும் 2018-ல் இந்த மொத்தச் சங்கிலிக்கும் நன்னீர் உவர்ப்பு நோய்க்கூறு என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார்கள். அமெரிக்கப் பெருநிலப் பரப்பின் வடிநிலங்களில் 37 சதவீதத்தில் உவர்ப்பும் 90 சதவீதத்தில் காரத்தன்மையும் ஏறியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. காரத்தன்மை ஏறுவதில் கரைகிற சிமென்ட்டுக்கும் பங்கு உண்டு. அது கொண்டுவருகிற கால்சியம் ஓட்டுக்கு நல்லதுதான், எரிச்சல் என்னவென்றால் அது தனியாக வருவதில்லை, கூடவே மற்ற எல்லாமும் வருகிறது.

கரையோரம்

நேரடி விளைவையே பேசிக்கொண்டிருக்கிறோம், சாப்பாட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. உப்பு ஏறினால் முதலில் அடிவாங்குவது தண்ணீர்த் தெள்ளுகள் மாதிரியான விலங்கு மிதவைகள், அதாவது நீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகள். 2022-ல் வெளியான ஓர் ஆய்வு வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 4 நாடுகளில் 16 இடங்களில் ஒரே மாதிரிச் சோதனை செய்து பார்த்தது. ஏறத்தாழ முக்கால்வாசி இடங்களில் அரசு வரம்புக்குள் இருக்கிற குளோரைடிலேயே தெள்ளுகள் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டன. அவை இல்லாவிட்டால் மிதக்கும் பாசியை மேய ஆள் இல்லை, ஏறத்தாழ பாதி இடங்களில் தண்ணீர் பச்சையாகிவிட்டது.

சட்டென்று

பாசி பெருகினால் நத்தைக்குக் கொண்டாட்டம்தானே?

கரையோரம்

மிதக்கிற பாசி வேறு, கல்லில் ஒட்டுகிற பாசி வேறு. மேலே பச்சை அடைத்துக்கொண்டால் வெளிச்சம் அடிக்குப் போகாது, நத்தை நாக்கால் சுரண்டித் தின்கிற படலம் மெலிந்துபோகும். அதோடு உப்பு ஏறிய ஆற்றில் வேறு ஒரு விருந்தாளியும் வரலாம். 2022 கோடையில் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் ஓடும் ஓடர் ஆற்றில் நடந்தது நினைவிருக்கும். சுரங்கக் கழிவு உப்பு, கோடை வெயில், குறைந்த நீரோட்டம் எல்லாம் சேர்ந்ததில் உவர்நீரில் வாழ்கிற பிரிம்னீசியம் பார்வம் என்ற பொன்னிறப் பாசி ஒரு நன்னீர் ஆற்றில் பெருகி நஞ்சு கக்கியது. நூற்றுக்கணக்கான டன் மீன் செத்து மிதந்ததுதான் செய்தியில் வந்தது. மட்டிகளும் நத்தைகளும் அடியிலேயே செத்துக் கிடந்ததைப் பற்றிக் குறைவாகத்தான் பேசினார்கள். உப்பு நேராக அவற்றைக் கொல்லவில்லை, கொல்கிறவனுக்கு வாசலைத் திறந்துவிட்டது.

நீர்மானி

ஜெர்மனியிலேயே இன்னொரு ஆறு, வெர்ரா. அது திடீர் விபத்து இல்லை, நூறு வருடத்துக்கு மேலாகப் பொட்டாஷ் சுரங்கங்களின் உப்புக் கழிவை வாங்கிக்கொண்டிருக்கிற ஆறு. 1942-ல் குளோரைடுக்கு வைத்த வரம்பே லிட்டருக்கு 2500 மில்லிகிராம், சில காலங்களில் அதையும் எங்கேயோ தாண்டிப் போயிருக்கிறது. ஆற்றுக்கே உரிய உயிரினங்களில் பெரும்பாலானவை போய்விட்டதால் மீனுக்கு இரை வேண்டும் என்று 1957-ல் இறால் மாதிரியான ஓர் அமெரிக்க உவர்நீர்ச் சிற்றுயிரைக் கொண்டுவந்து விட்டார்கள். நத்தைகளில் அங்கே கோலோச்சுவது நியூசிலாந்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த பொட்டாமோபிர்கஸ் ஆன்டிபோடரம். சில மில்லிமீட்டர் நீளம்தான், மூடி உண்டு, ராத்திரிமீன் சொன்ன ட்ரம்பெட் மாதிரியே குட்டி போடுகிறது, பெண் நத்தைகள் ஆண் துணையே இல்லாமல் பெருகும். பால்டிக் கடலின் உவர்நீரிலும் இதே நத்தை தாராளமாக வாழ்கிறது.

அதனால் "எங்கள் ஆற்றில் நத்தை நிறைய இருக்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் எந்த நத்தை என்று கேளுங்கள். ஐந்தாறு இனம் இருந்த இடத்தில் ஒரே இனம் ஆயிரக்கணக்கில் மேய்ந்துகொண்டிருக்கும், தலையை மட்டும் எண்ணினால் எண்ணிக்கை கூடியிருப்பதாகக்கூடத் தெரியும்.

பச்சைத்தவளை

இது வேறு கோணம். நன்னீர் நத்தைகள்தானே சில ஒட்டுண்ணி நோய்களைப் பரப்புகின்றன. அப்படி என்றால் உப்பு ஏறுவது மனிதனுக்கு நல்லது என்று ஆகாதா?

கரையோரம்

செனகல் ஆற்றில் இது எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 1986-ல் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் டியாமா அணையைக் கட்டி, வறண்ட காலத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவருவதை நிறுத்தினார்கள். விவசாயத்துக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் உப்பு போனதும் பயோம்ஃபலேரியா நத்தை கால்வாய்களில் பெருகியது, சில வருடங்களுக்குள்ளேயே ரிஷார் டோல் பகுதியில் அந்த நத்தை பரப்புகிற ஒட்டுண்ணி நோயான குடல் சிஸ்டோசோமியாசிஸ் வெடித்துக் கிளம்பியது. நத்தையைத் தின்கிற ஆற்று இறால் முட்டையிடக் கழிமுகத்துக்குப் போகிற வழியையும் அதே அணை அடைத்துவிட்டது. ஆக உப்பு அந்த நத்தையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது என்பது உண்மைதான்.

அதற்காக உப்பைக் கொட்டி நத்தையை ஒழிக்கலாம் என்று கிளம்பினால் குடிக்கிற தண்ணீரும் போச்சு, வயலும் போச்சு. போட்ட உப்பை எடுக்கவும் முடியாது. ஆவியாகாது, பாக்டீரியா தின்று தீர்க்காது, நல்ல தண்ணீர் வந்து அடித்துக்கொண்டு போனால்தான் உண்டு.

சட்டென்று

கடைசியாக ஒரு சந்தேகம், வம்புக்குக் கேட்கவில்லை. உப்பு மெதுவாகத்தானே ஏறுகிறது. நத்தையும் மெதுவாகப் பழகிக்கொள்ளாதா? பரிணாமம் என்று ஒன்று இருக்கிறதே.

நீர்மானி

பழகும், ஓர் அளவுக்கு. தியோடாக்சஸ் ஃபுளூவியாட்டிலிஸ் என்ற நத்தை ஐரோப்பாவின் ஆறுகளிலும் இருக்கிறது, பால்டிக் கடலின் உவர்நீரிலும் இருக்கிறது. ஒரே இனம்தான். கடல் பக்கத்தவை ஆற்றுப் பக்கத்தவற்றைவிட அதிக உப்பைத் தாங்குகின்றன, அமினோ அமிலங்களைச் சேர்த்து வைப்பதில் அவற்றுக்குக் கை ஓங்கியிருக்கிறது. இரண்டையுமே படிப்படியாக ஏற்றினால் திடீரென்று ஏற்றுவதைவிட அதிகமாகத் தாங்கும்.

ஆனால் அது பனியுகம் முடிந்து பால்டிக் உருவானதிலிருந்து ஆயிரக்கணக்கான வருடக் கணக்கு. தெள்ளு மாதிரிச் சீக்கிரம் பெருகுகிற உயிர் சில மாதங்களில் உப்புத் தாங்கும் பரம்பரையை உருவாக்கியதாக 2017-ல் ஒரு சோதனை காட்டியது, அதற்கு விலையாக அதன் உடல் கடிகாரம் குழம்பியிருந்தது. வருடத்துக்கு ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை என்று போகிற குளத்து நத்தைகளுக்கு அந்த வேகம் வராது. தவிர, மெதுவாக ஏறுகிறது என்பது வருடச் சராசரியில் மட்டும்தான். வறண்ட மாதத்தில் தண்ணீர் சுண்டும்போது எண் எகிறும், முதல் மழையில் கரையில் படிந்த உப்பெல்லாம் மொத்தமாக இறங்கும். முட்டை போடுகிற காலமும் அந்த எகிறலும் ஒன்றாக வந்துவிட்டால் சராசரியைக் காட்டி என்ன செய்வது?

அல்லித்தண்டு

ஆமாம், போன வறட்சியில் எண் எகிறியதைக் குறித்து வைத்திருக்கிறேன், முட்டைகள் குறைந்ததும் அதற்குப் பிறகுதான். இனி என்ன செய்தால் உப்புதானா இல்லையா என்று தெரியும்? ஆய்வுக்கூடம் எல்லாம் எனக்கு எட்டாது.

கரையோரம்

ஒரு முட்டைத் திரளை இலையோடு எடுத்து, கூரான பிளேடால் இரண்டாக வெட்டுங்கள், உறைகள் நசுங்காமல். ஒரு பாதியைக் குளத்துத் தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் போடுங்கள், மறு பாதியை உப்புக் குறைவான தண்ணீரில். ஒரே தாயின் ஒரே நாள் முட்டை என்பதால் ஒப்பிட வசதி. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே வெப்பத்தில், நேர் வெயில் படாமல் இருக்கட்டும். எப்போது சுழல ஆரம்பிக்கிறது, எத்தனை பொரிக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பல திரள்களை வைத்துச் செய்தால்தான் நம்பலாம், ஒன்றை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

எழுகோணம்

அந்த உப்புக் குறைவான தண்ணீருக்கு வாலை வடிநீரையோ ஆர்ஓ தண்ணீரையோ அப்படியே எடுக்காதீர்கள். கால்சியமும் போய்விடும், அப்புறம் எதனால் மாறியது என்று தெரியாது. கடினத்தன்மை குளத்தை ஒட்டியும் குளோரைடு குறைவாகவும் இருக்கிற தண்ணீர் வேண்டும், குளோரின் கலக்காததாக. பக்கத்தில் வடிகால் சேராத குட்டை ஏதாவது இருந்தால் அதை முதலில் சோதித்துப் பாருங்கள்.

அல்லித்தண்டு

ஒரு குட்டை இருக்கிறது, அதன் எண்ணைப் பார்க்கிறேன். லென்ஸ் எத்தனை மடங்கு வேண்டும்?

கரையோரம்

10 மடங்கு போதும். குவளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால்தான் சுழல்வது தெரியும்.